கொத்தக் கூடாத சுவர்

பூஜைக்கு முந்தைய மாதத்தில் கொல்கத்தாவின் எந்த ரொங் மிஸ்திரியையும் நம்பக் கூடாது. ரொங் மிஸ்திரி என்றால் நம் ஊரில் பெயின்டர். துர்கா பூஜைக்கு முன்னால்தான் ஊரே வீட்டுக்கு வண்ணம் அடிக்கும் என்பதால் ஒவ்வொரு மிஸ்திரியும் பத்து வீட்டுக்குத் தலையாட்டியிருப்பார். ஒரு வீட்டில் ஏணி நிற்கும், இன்னொரு வீட்டில் டப்பா திறந்து கிடக்கும், ஆள் மூன்றாவது வீட்டில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் பெஹாலாவில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். மாடியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார். தெருவே அவரை மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே. அந்த வருஷம் மழை விட்டதும் மாஷிமா வீடு முழுக்கப் பெயின்ட் அடிக்க ஏற்பாடு செய்தார். நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவர் மழைக்காலம் பூராவும் தண்ணீர் குடித்திருந்தது. தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, கையை வைத்துத் தடவினால் வெள்ளையாக மாவு கொட்டியது. இங்கே இதை நோனா என்பார்கள்.

மிஸ்திரியிடம் நான் தெளிவாகவே சொன்னேன். இந்தச் சுவரைச் சுரண்ட வேண்டும், கெட்டுப்போன காரையை எடுக்க வேண்டும், காயவிட வேண்டும், பிறகுதான் மற்றது எல்லாம். அவர் சிரித்தார். நோனா இல்லாத வீடு பெஹாலாவில் ஏது என்றார். ரெண்டு கோட்டு அடித்தால் அடுத்த பூஜை வரை ஒன்றும் தெரியாது என்றார். அடியில் என்ன நடக்கும் என்று கேட்டேன். அடியில் யார் பார்க்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

நான் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிறவன். அடியில் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதை அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே ஆபீஸ் போய்விட்டு வருவதற்குள் சுவர் முழுக்கப் பிஸ்தாப் பச்சையாகிவிட்டது. பூஜை நாட்களில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தீபாவளிக்குள் அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. விரலால் அழுத்தினால் நொறுங்கி, உள்ளேயிருந்து ஈர வாடை வந்தது.

அந்த வாடைதான் எங்களுக்குப் பிரச்சினை. என் மனைவி அப்போது நான்காவது மாதம். அலிப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலையில் எழுந்ததும் ஒரு இருமல் பிடித்துக்கொண்டு, பஸ் ஏறும் வரை விடாது. அந்தச் சமயத்தில் மருந்தும் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. மருத்துவர் அம்மா எங்கள் அறையைப் பற்றி விசாரித்துவிட்டு, மருந்தைவிட முதலில் அந்தச் சுவரைச் சரிசெய்யுங்கள் என்றார். போன வருஷம் ஒரு கரு தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை மருத்துவர் தும்மச் சொன்னால்கூட நான் தும்மத் தயாராக இருந்தேன்.

அந்தச் சுவரை நான் கிட்டத்தட்ட என் எதிரி என்றே வைத்துக்கொண்டேன். ஆபீஸில் மதியம் சாப்பிடும்போதுகூடச் சுவர்களைப் பற்றிய வீடியோக்கள்தான் பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி வந்ததில், மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் அந்த அறைக்கு வெளியே ஒரு இணைப்பில் விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்தேன். எத்தனை வருஷமாகத் தண்ணீர் அந்தச் சுவரிலேயே அடித்ததோ. குழாயை மாற்றியாகிவிட்டது. இனி கெட்ட காரையைக் கொத்தி எடுத்துச் செங்கல்லைக் காயவிட வேண்டியதுதான். அதே மிஸ்திரியைப் பிடித்து, பூஜை முடிந்ததால் இப்போது அவருக்கு வேறு சாக்கு இல்லை என்று சொல்லி, நாளும் குறித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மனைவி போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள், "அம்மா வேண்டாம்னு சொல்லுதாங்க. வயித்துல பிள்ளை இருக்கும்போது வீட்டுல சுவரைக் கொத்தக் கூடாதாம்."

எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, கட்டக் கூடாது என்பது நான் கேள்விப்படாததல்ல. ஆனால் அது ஏதோ பக்கத்து வீட்டுச் சம்பிரதாயம் என்ற அளவில்தான் தெரியும். எரிச்சல் வந்தது. இருமுவது இவள், மூச்சு முட்டுவது இவளுக்கு, தீர்ப்பு மட்டும் இத்தனை ரயில் தூரத்திலிருந்து வருகிறதே என்று சத்தமாகவே சொன்னேன். ஆனாலும் மிஸ்திரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய பேச்சுவார்த்தை. கொத்தத்தான் கூடாது, சுரண்டலாமா என்று கேட்டேன். மறுநாள் அம்மாவிடம் கேட்டுச் சொன்னாள், சுரண்டலாமாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? தேய்க்கலாமாம். உளி? கூடாது. சுத்தியல் இல்லாமல் வெறும் உளி? அதுவும் கூடாது. துளை போடும் மெஷின்? அந்தப் பேச்சே கூடாது. என் மாமியார் திருநெல்வேலியில் நீதிபதி மாதிரி உட்கார்ந்து ஒவ்வொரு கருவியாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதாக நான் மனத்தில் படம் வரைந்துகொண்டேன். நல்ல மனுஷி, இப்படி ஆகிவிட்டாரே என்று வருத்தம்கூடப் பட்டேன்.

அனுமதி கிடைத்த கருவிகளோடு நானே இறங்கினேன். மனைவியை மாடிக்கு அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டினேன். பெயின்ட் பாளம் பாளமாக வந்தது. அதற்கு அடியில் பழைய பெயின்ட், அதற்கும் அடியில் இன்னொன்று. வரிசையாக எத்தனையோ பூஜைகள் அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசியில் காரை வந்தது. அது நனைந்த சர்க்கரை போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் மேல் பட்டி பூசினேன். காய்ந்ததும் அது அப்படியே தகடாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. பிடித்துக்கொள்ள அதற்கு அங்கே எதுவும் இல்லை.

பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினேன். செங்கல் படம் போட்ட, மெத்தென்ற, தடித்த பிளாஸ்டிக் ஸ்டிக்கர். எந்தச் செங்கல்லைத் திறந்து காற்றாட விட வேண்டுமோ, அந்தச் செங்கல்லின் மேல் செங்கல் படத்தையே ஒட்டி மூடினேன். ஆபீஸில் எவனாவது இப்படிப் பூசி மெழுகினால் நான் சும்மா விட்டிருப்பேனா? ஆனால் வீட்டில் சண்டை வேண்டாம், மாமியார் சொல்லும் காக்க வேண்டும், மனைவிக்கும் வாடை அடிக்கக் கூடாது. மூன்றுக்கும் சேர்த்து இது ஒன்றுதான் அகப்பட்டது. ஒட்டி முடித்தபோது நாங்கள் இருவரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில வாரங்களில் இருமல் முன்னைவிட மோசமானது. மாஷிமா ஒரு நாள் கீழே வந்தவர், மூக்கைச் சுளித்துக்கொண்டு நேரே போய் ஸ்டிக்கரின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். பின்பக்கம் முழுவதும் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆபீஸ் மொட்டை மாடிக்குப் போய் மாமியாருக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று ஒத்திகையே பார்த்திருந்தேன். முதலில் மரியாதை, பிறகு மருத்துவர் சொன்னது, பிறகு பூஞ்சை, கடைசியில் கொஞ்சம் கோபம். மரியாதையிலிருந்து மருத்துவருக்கு வந்து, அத்தை, நீங்கள் சம்மதித்தால் காரையைக் கொத்திவிடுவோம் என்றேன்.

"நான் எப்ப மாப்ளே வேண்டாம்னு சொன்னேன்?" என்றார் அவர். "இவ வயித்துல இருக்கும்போது நாங்க மாடி எடுத்துக்கிட்டுலா இருந்தோம். எட்டாம் மாசம் வரைக்கும் வீட்டுல தட்டுத சத்தம்தான். சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும். முதல்ல அவ உடம்பைப் பாருங்க."

இல்லை அத்தை, அவள்தான் என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினேன். பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு, அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒன்றுமில்லை அத்தை, நான்தான் குழப்பிக்கொண்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீடு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம்தான். சுரண்டலாம், தேய்க்கலாம், உளி கூடாது என்று தினமும் வந்த தீர்ப்புகளை எல்லாம் இவளே எழுதினாளா? எதற்கு? ஆனாலும் அன்று கேட்கவில்லை. மறுநாள் ஞாயிறு. கொல்கத்தாவில் பனிக்காலம் தொடங்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் மொட்டை மாடியில்தான் இருப்பார்கள். நாங்களும் வெயிலில் பாய் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தோம். அப்போது, அத்தையிடம் பேசினேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் உரித்த சுளையை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சொல்லலை, நான்தான் சொன்னேன்," என்றாள். "போன வருஷம், முன்ன குடியிருந்த சால்ட் லேக் வீட்டுல ஒரு காலண்டர் மாட்டினேன்லா. நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க. ஆணி இறங்கலை, ரொம்ப நேரம் அடிச்சேன். அப்ப எனக்கு நாள் தள்ளிப்போயிருந்ததே தெரியாது. அதுக்குப் பிறகுதான் அப்படி ஆச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு எனக்குத் தெரியும். டாக்டரம்மாவும் சொல்லியாச்சு. தெரிஞ்சு என்ன செய்ய? சுத்தியலைப் பார்த்தா அந்த ஆணிதான் ஞாபகம் வருது. பயமா இருக்குன்னு நான் சொன்னா நீங்க விளக்கம் சொல்லுவீங்க. அம்மா சொன்னாங்கன்னா சண்டைதான் போடுவீங்க. சண்டை பரவாயில்லை."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. துக்கமாக இருந்தது. ஒரு வருஷமாக ஒரே அறையில் தூங்கி எழுந்திருக்கிறோம், இந்த ஆணி இவளுக்குள் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்திலும் ஒரு நல்ல விளக்கம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். சரி, சுவர் கிடந்துவிட்டுப் போகட்டும், குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அவள் சுளையைத் தின்றாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அறைக் கதவை மூடி, கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்தோம். காலை நீட்டினால் சாப்பாட்டு மேசை இடிக்கும். அடுப்படியில் தாளித்தால் போர்வையில் வாசம் ஏறும். அதெல்லாம் பெரிதில்லை. ஆனால் பூட்டிய கதவுக்குக் கீழே வாடை கசிந்துகொண்டுதான் இருந்தது. இருமல் குறைந்தது, நிற்கவில்லை. நான் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டே அவளாகவே சொன்னாள். "மிஸ்திரியைக் கூப்பிடுங்க. பிள்ளையை இந்த வாடையிலயா கொண்டுவந்து படுக்க வைக்கப் போறோம்? நான் அன்னைக்கு மாஷிமா வீட்டுல இருந்துக்கிடுதேன்."

நிஜமாகவா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவாளோ என்று பயம். மிஸ்திரியிடம் தனியாகப் பேசினேன். எவ்வளவு குறைவாகக் கொத்த முடியுமோ அவ்வளவுதான் வேண்டும், மனைவிக்குச் சத்தம் ஆகாது என்றேன். முதலில் முழுசாக எடுக்கச் சொன்னவனும் இதே ஆள்தானா என்பது போல அவர் பார்த்தார். பிறகு சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். ஈரம் அதற்கு மேலே இடுப்பு வரை இருந்தது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேலை நடந்த சனிக்கிழமை அவள் மாடியில் மாஷிமாவின் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் ஒரு நாற்காலியில். மாஷிமாவிடம் விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. ஆனாலும் அவர் டிவியில் ஒரு சீரியலைப் போட்டு, வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தார். கீழேயிருந்து முதல் அடி கேட்டது. பழைய வீட்டுச் சுவர்கள் சத்தத்தை அப்படியே மேலே கொண்டுவந்து கொடுக்கும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பிடி இறுகியது. கண் டிவியில்தான் இருந்தது. வேண்டாம், நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்றா, ஆமாம் என்றா என்று விளங்காத ஒரு ஆட்டல். நான் எழுந்திருக்கவில்லை. அவளும் பிடியை விடவில்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் சத்தம் நின்றது. அவ்வளவுதான் என்று எனக்குப் பெரிய நிம்மதி. முடிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கீழே போனேன். கோடு வரைக்கும் காரையை எடுத்திருந்தார்கள். கீழே சிவப்புச் செங்கல். கோட்டுக்கு மேலே காரை இன்னும் ஈரத்தில் கறுத்து நின்றது. மிஸ்திரி அதில் விரலை வைத்து அழுத்தினார், மண் போல விழுந்தது. இதோடு விட்டால் உப்பு மறுபடி வரும், சொல்வதை நான் சொல்லிவிட்டேன் என்றார். போதும், விட்டுவிடுங்கள் என்றேன்.

திரும்பினால் அவள் வாசலில் நிற்கிறாள். துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. சுவரையும் கோட்டையும் பார்த்தாள். அந்தக் கோடு ஏன் அவ்வளவு கீழே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு முறை பார்த்தாள்.

"எனக்காகப் பாதியில விடாதீங்க," என்றாள். "ஈரம் எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும் எடுக்கச் சொல்லுங்க."

மேலே போய்விடு, பிறகு ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்றேன். இல்லை, இங்கேயே நிற்கிறேன் என்றாள். மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உளியை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடி காத்திருந்தார். அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு தலையசைத்தாள். அடி விழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை. இரண்டாவது அடிக்குப் பெரிய பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்து தூசி கிளம்பியது. அப்புறம்தான், போதும் தூசி என்று சொல்லிக்கொண்டு, யாரையும் பிடிக்காமல் தானாகவே படியேறிப் போனாள். நான் அந்தத் தூசியிலேயே நின்று கொஞ்ச நேரம் அழுதேன். மிஸ்திரி, கண்ணில் சுண்ணாம்பு பட்டால் தேய்க்கக் கூடாது என்று சொன்னார்.

அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. செங்கல்லைத் தண்ணீர் தொடாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உப்பை உதிர்த்தோம். பனிக்காலக் காற்று வறண்டு வீச, ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவிட்டோம். ஈரம் தடுக்கும் கலவை சேர்த்துப் புதுக் காரை பூசி, தண்ணீர் விட்டு இறுகவைத்து, மறுபடியும் பல வாரம் உலரவிட்டோம். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, பிரைமர் அடித்தோம். தேய்க்கும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாமியார் மாசி மாதம் வந்து இறங்கியதும் முதலில் அந்த அறைக்குத்தான் போனார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ந்திருக்கிறது என்றார். வேறு எதையும் கேட்கவில்லை, மகளிடமும் கேட்கவில்லை. பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. பிரைமரோடு நின்றிருந்த வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில்தான் கொண்டுவந்து படுக்க வைத்தோம்.

இப்போது அடுத்த பூஜை வரப்போகிறது, சுவர் இன்னும் அந்த வெள்ளைப் பிரைமரோடுதான் நிற்கிறது. மாஷிமா நினைவுபடுத்துகிறார், மிஸ்திரியும் வண்ண அட்டையோடு பல முறை வந்துவிட்டார். நான் பாதி மனத்தோடு பிஸ்தாப் பச்சை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பிப்பேன். அதற்குள் என் மனைவி கதவை அரையாகத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, அவரை வங்காளத்தில் திருப்பி அனுப்பிவிடுவாள்: குழந்தை தூங்குகிறாள், அப்புறம் வாருங்கள்.